முகமும் மரபும்
கலப்பு மரபினரான ஆடையலங்கார மொடல்களை முன்வைத்து ஓர் அறவியல் விசாரணை

ஒரு மனிதன் தான் யார் என்பதைத் தானே கூறும் உரிமை உடையவனா? அன்றி, அவனைச் சூழ்ந்துள்ள சமூகம் கூறுவதை ஏற்றுக்கொள்ளும் கடப்பாடு மட்டுமே அவனுக்கு உண்டா? இவ்வினாவைப் பொதுப்படப் பேசுமிடத்து விடை எளிதெனத் தோன்றும். சுதந்திரத்தை விரும்பும் எவரும் முதலாவதன் பக்கமே நிற்பர். ஆயின் குறிப்பான ஒரு வாழ்க்கையை முன்வைத்து ஆராயும்போதுதான் வினாவின் கடினம் புலப்படுகின்றது. அத்தகைய ஒரு வாழ்க்கையை நடுவாகக் கொண்டு, அதனோடு தொடர்புடைய வேறு சிலவற்றையும் ஒப்புநோக்கி, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடையலங்கார மொடல்களின் உலகம் அறவியல் ஆராய்ச்சிக்கு உகந்ததன்று எனச் சிலர் கருதக்கூடும். அது பகட்டும் விளம்பரமும் நிறைந்த உலகம் என்பது உண்மையே. எனினும் மொடல் என்பவர் தம் முகத்தையும் உடலையும் பிறர் பார்வைக்கு அளிப்பதையே தொழிலாகக் கொண்டவர். தோற்றம் பற்றிச் சமூகம் வழங்கும் தீர்ப்புகள் ஏனையோருக்கு மறைமுகமாக வந்துசேர, அவருக்கோ கூலியாகவும் வேலையின்மையாகவும் நேரே வந்துசேர்கின்றன. இனம் பற்றி ஒரு சமூகம் வாயாற் கூறுவது எது, உள்ளூர நம்புவது எது என அறிய விரும்புவோருக்கு இவ்வுலகம் நல்லதோர் ஆய்வுகூடம் எனலாம்.

துளியின் தருக்கம்

1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிரித்தானிய ‘வோக்’ சஞ்சிகையின் அட்டையிற் கறுப்பினப் பெண்ணொருவரின் படம் முதன்முறையாக வெளிவந்தது. படம் பிடித்தவர் டேவிட் பெய்லி. படத்திலிருந்தவர் டொனியேல் லூனா. அப்படத்திலே அவரது கை முகத்தின் பெரும்பகுதியை மறைத்துநிற்க, விரிந்த இரு விரல்களுக்கிடையே ஒரு கண் மட்டும் எம்மை நோக்குகின்றது. மூக்கும் உதடுகளும் மறைந்திருப்பது தற்செயலன்று, வாசகர் கறுப்பினத்தவரின் முகமெனத் திடுக்கிடாதிருத்தற் பொருட்டே அவ்வாறு செய்யப்பட்டது எனக் கருதுவோர் பலர். நோக்கம் எதுவாயினும், அப்படம் ஒரு காலத்தின் மனநிலையைச் சரியாகவே காட்டுகின்றது. அம்முகத்தைக் காட்டவும் வேண்டும், காட்டாதிருக்கவும் வேண்டும்.

லூனாவின் செயலை விளங்கிக்கொள்வதற்கு அவர் பிறந்த நாட்டின் இனப்பாகுபாட்டு முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீடு, கறுப்பினக் கலப்புடையோரைப் பாதி, கால், அரைக்கால் என்ற அளவுகளில் தனித்தனிப் பெயரிட்டுக் கணக்கெடுத்தது. 1896 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த புகழ்பெற்ற பிளெஸ்ஸி வழக்கின் வழக்காளி, எட்டிலொரு பங்கே ஆபிரிக்க மரபுடையவர். பார்வைக்கு வெள்ளையர் போன்றவர். எனினும் வெள்ளையர்க்கான புகையிரதப் பெட்டியில் அமரும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1924 இல் வேர்ஜீனியா மாநிலம் நிறைவேற்றிய சட்டமும் 1930ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டு அறிவுறுத்தலும் இம்முறையை முற்றுவித்தன. கறுப்பின இரத்தம் எவ்வளவு சிறிதாயினும் ஒருவர் கறுப்பினத்தவரே என்றாயிற்று. ‘ஒரு துளி விதி’ என வழங்கப்படுவது இதுவே.

இவ்விதியின் தருக்கத்தை உற்றுநோக்குதல் தகும். எட்டு முப்பாட்டன் பாட்டியருள் எழுவர் வெள்ளையராயினும் ஒருவர் வெள்ளையராவதில்லை. ஒருவர் கறுப்பராயின் அவர் கறுப்பராகின்றார். மரபைப் பற்றிய உண்மையே இங்கு கருதப்பட்டதாயின், எழுவருக்கு ஒருவரைவிடக் கூடிய மதிப்பு இருந்திருக்க வேண்டும். அவ்வாறில்லாமையால், இவ்விதி மரபை அறிவதற்காக அன்றி வேலியொன்றைக் காப்பதற்காகவே வகுக்கப்பட்டது என்பது தெளிவு. கலப்பு மரபினர் எனப்படுவோர் உயிரியலின் படைப்புகளல்லர். மனிதர் எங்கும் கலந்தே வாழ்ந்துள்ளனர். வேலி இடப்பட்ட இடத்திலேதான் கலப்பு என்ற சொல்லுக்கே தேவை எழுகின்றது.

லூனாவின் புனைவு

டொனியேல் லூனா 1945 இல் டெற்றொயிற் நகரிலே கறுப்பினத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். இயற்பெயர் பெகி ஆன் ஃபிறீமன். பாடசாலைப் பருவத்திலேயே தமக்குப் புதிய பெயரைச் சூட்டிக்கொண்டார். எந்த ஊருக்கும் உரியதெனக் கூறமுடியாத உச்சரிப்பொன்றிற் பேசத் தொடங்கினார். நியூயோர்க்குக்குச் சென்ற சிறிது காலத்தில், 1965 ஜனவரியில், ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ அட்டையில் அவரது உருவம் வெளிவந்தது. ஆனால் அது புகைப்படமன்று, ஓவியம். அவ்வாண்டு ஏப்ரில் இதழிலே றிச்சர்ட் அவெடன் எடுத்த அவரது படங்கள் வெளிவந்தபோது, தென்மாநில வாசகர் சிலரும் விளம்பரதாரரும் சஞ்சிகையிலிருந்து விலகினர். லூனா ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கு பெரும்புகழ் பெற்றார். ஃபெலினியின் ‘சற்றிறிக்கொன்’ திரைப்படத்தில் நடித்தார். 1979 இல் றோம் நகரில், முப்பத்து மூன்று வயதில், போதைப்பொருளினால் இறந்தார்.

தம்மைக் கறுப்பினத்தவரென அழைப்பதை அவர் விரும்பவில்லை. மெக்சிக்கோ, அமெரிக்க இந்திய, சீன, அயர்லாந்து மரபுகள் தம்மிற் கலந்துள்ளன என வற்புறுத்தினார். கண்களுக்கு நிறவில்லைகள் அணிந்தார். தம்மால் ஏனைய இனத்தவருக்கு வழி பிறக்குமா என 1968 இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ வினவியபோது, பிறந்தால் நல்லதே, ஆயினும் அது பற்றித் தமக்குக் கவலையில்லை என்னும் பொருள்பட விடையளித்தார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வீதிகளில் இறங்கிப் போராடிய ஆண்டு அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே.

இங்கு அறவியல் எம்மை எதிர்கொள்கின்றது. லூனா கூறியது பொய்யா? பொய்யெனின் அது குற்றமா?

இவ்வினாவை அவசரமாக அணுகுவோர் இரு வகையினர். ஒரு சாரார் அவரைத் தம் மக்களைக் கைவிட்ட துரோகி என்பர். மறு சாரார் அவரைத் தம்மைத் தாமே படைத்துக்கொண்ட சுதந்திரப் பிறவி என்பர். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். அடிமைமுறையின் வரலாற்றினூடாக வந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிற் பெரும்பாலோரின் மரபில் ஐரோப்பியக் கலப்பு உண்டு. அக்கலப்பிற் பெரும்பகுதி வன்முறையாற் புகுத்தப்பட்டது என்பதும் வரலாறு. எனவே “நான் கலப்பு மரபினள்” என லூனா கூறியதனளவில் அது பொய்யெனத் தள்ளிவிடக்கூடியதன்று. விபரங்களே ஐயத்துக்குரியன. அவ்வுண்மையை எதற்காக அவர் பயன்படுத்தினார் என்பதே ஆராயத்தக்கது.

சார்த்தர் 1943 இல் வெளியிட்ட ‘இருத்தலும் இன்மையும்’ என்ற நூலில் விளக்கிய ‘தன்னேய்ப்பு’ என்னும் கருத்து ஈண்டு துணைபுரியும். மனிதனிடம் இரு கூறுகள் உள. அவன் தெரிவுசெய்யாத பிறப்பு, உடல், கடந்தகாலம் ஆகியன ஒரு கூறு. அவற்றைக் கடந்து தன்னை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் மறு கூறு. இவற்றுள் ஒன்றை மறுத்து மற்றையதே தான் என நம்புவோன் தன்னைத் தானே ஏய்க்கின்றான். ‘நான் என் பிறப்பே’ என்பதும் ஏய்ப்பு. ‘என் பிறப்புக்கும் எனக்கும் தொடர்பே இல்லை’ என்பதும் ஏய்ப்பு. ஒரு துளி விதி மனிதரிடம் முதலாவது ஏய்ப்பைக் கோரியது. லூனா அதனின்றும் தப்ப முயன்று இரண்டாவதனுள் விழுந்தார். அவரது வாழ்வின் சோகத்திற்கு இதுவே முழுக் காரணம் என நான் கூறவில்லை. ஆயினும், வாயில்கள் இரண்டே உள்ள வீட்டில் ஒருவரை அடைத்துவைத்துவிட்டு, அவர் எவ்வாயிலால் வெளியேறினார் என்பதை மட்டும் விசாரிப்பது நீதியன்று எனக் கூறுவேன்.

மூன்று செயல்களின் வேறுபாடு

இத்தகைய நிலைகளில் மூன்று செயல்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது என்பது என் கருத்து.

முதலாவது, விடையளிக்க மறுத்தல். ‘நீ யார், எந்த இனம்’ என்ற வினாவைக் கேட்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை. உடையை விற்பவனுக்கும் அதை வாங்குபவனுக்கும் அவ்வுடையை அணிந்துகாட்டுபவரின் பாட்டனைப் பற்றி அறியும் உரிமை எதுவுமில்லை. கேட்கும் உரிமை இல்லாதவிடத்து மௌனம் பொய்யாகாது.

இரண்டாவது, தன் மரபின் பன்மையை உள்ளவாறு கூறுதல். இது உரிமை மாத்திரமன்று, உண்மைக்குச் செய்யும் தொண்டுமாகும். அமெரிக்கக் குடிசன மதிப்பீடு ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைத் தெரிவுசெய்ய 2000ஆம் ஆண்டிலேதான் முதன்முறையாக அனுமதித்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 68 இலட்சம் பேரும், 2020 இல் 3 கோடியே 38 இலட்சம் பேரும் அவ்வாறு பதிந்தனர். இருபது ஆண்டுகளில் இத்துணைப் பேர் புதிதாகப் பிறந்துவிடவில்லை. கணக்கெடுக்கும் முறையும் மாறிற்று. முன்பு இடமில்லாதிருந்த உண்மையைச் சொல்லும் துணிவும் வளர்ந்தது.

மூன்றாவது, வேலிக்கு வெளியே நிற்போரை நிராகரித்தல். ‘நான் அவர்களுள் ஒருத்தியல்லள், ஆதலால் என்னை உள்ளே விடுங்கள்’ என்பது அதன் பொருள். இது வேலியை எதிர்ப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் அதனை ஏற்றுக்கொள்கின்றது. ‘அவர்கள்’ வெளியே நிற்கத் தக்கவர்கள் என்பது இக்கூற்றின் மறைபொருளாக நிற்கின்றது. முதலிரு செயல்களும் குற்றமற்றவை. மூன்றாவது குற்றமுடையது.

லூனா மூன்றாவதைச் செய்தாரா? 1968 இல் அவர் கூறிய விடை அத்திசையிற் செல்கின்றது என்பதை மறுக்கவியலாது. அதே காலத்தில் நயோமி சிம்ஸ் என்ற பெண், நிறம் மிகக் கறுப்பு என முகவர் நிலையங்கள் திருப்பியனுப்பியபோதும், தம்மை வேறொருவராகக் கூறிக்கொள்ளாது புகைப்படக்காரரை நேரே நாடிச் சென்று, 1968 நவம்பரில் ‘லேடீஸ் ஹோம் ஜேர்னல்’ அட்டையில் இடம்பெற்றார். 1974 ஓகஸ்டில் பெவர்லி ஜோன்சன் அமெரிக்க ‘வோக்’ அட்டையில் இடம்பெற்றார். இவர்களது உறுதி போற்றுதற்குரியது. ஆயினும் போற்றத்தக்க வீரம் வேறு, எல்லார்மீதும் விதிக்கத்தக்க கடமை வேறு. சிம்ஸின் வீரத்தை லூனாவிடம் எதிர்பார்க்கலாம். அது இல்லாமையைக் குற்றப்பத்திரிகையாக்க முடியாது. அவர்மீது சாட்டக்கூடியது அலட்சியம் ஒன்றே. அக்குற்றச்சாட்டையும் முன்வைக்குமுன், அவ்வேலியை அமைத்தோரையும் அதனாற் பயன்பெற்றோரையும் கூண்டிலேற்றுதல் முறையாகும்.

சந்தையின் புதிய நியாயம்

வேலிகள் தளர்ந்தபின் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதா எனின், இல்லை, அது உருமாறியுள்ளது. ஒரு காலத்தில் கலப்பு மரபு மறைக்கப்படவேண்டிய குறையாயிருந்தது. பின்னர் அது விற்கப்படக்கூடிய சிறப்பாயிற்று.

இம்மாற்றத்தின் தொடக்கத்தைச் சைனா மச்சாடோவின் வாழ்க்கையிற் காணலாம். 1929 இல் ஷங்காய் நகரிற் பிறந்த இவரிடம் போர்த்துக்கீச, சீன மரபுகள் கலந்திருந்தன. பாரிஸில் ஜிவன்ஷியின் ஆடைகளை அணிந்து மேடையேறியவர். 1959 இல் அவெடன் எடுத்த இவரது படங்களை வெளியிட ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ நிருவாகம் தயங்கியபோது, தமது ஒப்பந்தத்தையே பணயமாக வைத்து அவெடன் அவற்றை வெளியிடச் செய்தார் என்பர். அன்று தடையாக நின்ற அதே தோற்றம் சில பத்தாண்டுகளின்பின் விளம்பரத்துறை தேடியலையும் பொருளாயிற்று.

யப்பானிய அனுபவம் இன்னும் தெளிவானது. லூனாவின் படம் ‘வோக்’ அட்டையில் வெளிவந்த அதே 1966ஆம் ஆண்டிலே, அமெரிக்கத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்த பிபாரி மாயேதா ‘ஷிசேய்தோ’ நிறுவனத்தின் கோடைகால விளம்பரத்தில் தோன்றிப் பெரும் வரவேற்பைப் பெற்றார். ‘பாதி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த ‘ஹாஃபு’ என்ற பெயர் அழகின் அடையாளமாக வழங்கலாயிற்று. ஆனால் 2015 இல், அமெரிக்கக் கறுப்பினத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் சசெபோ நகரிற் பிறந்த அரியானா மியமோத்தோ யப்பானின் மிஸ் யூனிவேர்ஸ் அழகியாகத் தெரிவுசெய்யப்பட்டபோது, அவர் போதிய அளவு யப்பானியரல்லர் எனக் கண்டனங்கள் எழுந்தன. மறு ஆண்டு, இந்தியத் தந்தையைக் கொண்ட பிரியங்கா யோஷிக்காவா மிஸ் வேர்ல்ட் யப்பானாகத் தெரிவானபோதும் அவ்வாறே எழுந்தன. இரண்டையும் ஒப்புநோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். சவர்க்காரத்தையும் களிம்பையும் விற்பதற்குக் கலப்பு முகம் ஏற்கப்பட்டது. அம்முகம் ‘நாங்கள்’ எனப் பேசத் துணிந்தபோது மறுக்கப்பட்டது. எந்தக் கலப்பு என்பதும் கருதப்பட்டது. வெள்ளைக் கலப்பு கவர்ச்சியாகவும் கருமைக் கலப்பு சிக்கலாகவும் எண்ணப்பட்டன. பழைய வேலியே புதிய வர்ணத்தில் நிற்கின்றது.

இச்சந்தை நியாயத்தின் எல்லையை 1993 இல் ‘ரைம்’ சஞ்சிகையின் சிறப்பிதழொன்று காட்டியது. பல இனங்களைச் சேர்ந்த ஆண், பெண் மொடல்கள் பதினால்வரின் படங்களைக் கணினியிற் கலந்து உருவாக்கிய பெண்முகம் ஒன்றை அமெரிக்காவின் புதிய முகம் என அது அட்டையிலிட்டது. அம்முகத்தில் ஆபிரிக்கக் கூறு 17.5 வீதம், ஆசியக் கூறு 7.5 வீதம், தென் ஐரோப்பியக் கூறு 35 வீதம் என அளவுகளும் கொடுக்கப்பட்டிருந்தன. பணிமனையிலிருந்த சிலர் அம்முகத்தின்மீது காதல் கொண்டதாக ஆசிரியரே எழுதினார். உயிருள்ள கலப்பு மரபினர் இலட்சக்கணக்கில் வாழும் நாட்டில், உயிரற்ற ஒருத்தியே பிரதிநிதியாக்கப்பட்டாள். அவளுக்குத் தாயில்லை, தெருவில்லை, அவமானத்தின் நினைவில்லை, கூலியும் கேட்கமாட்டாள். உற்பத்தி செய்தவரின் உழைப்பைப் பண்டம் மறைத்துநிற்கும் என மார்க்ஸ் கூறினார். இங்கு மரபே பண்டமாகி, அம்மரபு கடந்துவந்த வரலாற்றை மறைக்கின்றது. கலப்பை நூற்றுவீதத்தில் அளந்த 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பாளனும் 1993ஆம் ஆண்டுச் சஞ்சிகையாளனும் ஒரே அளவுகோலையே கையிற் கொண்டுள்ளனர். முன்னவன் வெறுத்து அளந்தான், பின்னவன் வியந்து அளந்தான் என்பதே வேறுபாடு.

மனிதரை வெறும் கருவியாக அன்றி எப்போதும் நோக்கமாகவும் மதித்தல் வேண்டும் என்ற கான்ற்றின் விதியை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இகழ்ச்சி மட்டுமே மனிதரைக் கருவியாக்கும் என எண்ணுவது தவறு. புகழ்ச்சியும் அவ்வாறே செய்யக்கூடும்.

எமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள் என நாம் ஒதுங்கிவிட முடியாது. 1955 இல் இலங்கை அழகியாகத் தெரிவாகி மிஸ் யூனிவேர்ஸ் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற மோறின் ஹிங்கேர்ட், கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் மரபிற் பிறந்தவர். ஹொலிவூட் அவருக்கு யானா டேவி என வேறொரு பெயரைச் சூட்டி, அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணாக நடிக்கவைத்தது. இலங்கையைப் பிரதிநிதித்துவப்படுத்திய முகம், அங்கு வேறெந்த முகமாகவும் பயன்படக்கூடிய மூலப்பொருளாயிற்று.

பறங்கியர் சமூகத்தின் வரலாறே எமது விசாரணைக்கு ஒரு பாடமாகும். 1830ஆம் ஆண்டளவில் பிரதம நீதியரசர் சேர் றிச்சர்ட் ஒட்லி, பறங்கியர் என்ற பெயரைத் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் கொண்டு வரையறுத்தார். தாய்மாரின் மரபு கணக்கில் வரவில்லை. அமெரிக்காவில் ஒரு துளி ஒருவரைக் கீழிறக்கிற்று. இங்கு தந்தைவழி ஒரு கோடு ஒருவரை மேலேற்றிற்று. திசை வேறாயினும் தருக்கம் ஒன்றே. 1956 இன்பின் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர முனைந்த பறங்கியர் பலர், அந்நாட்டு வெள்ளையர் கொள்கை 1973 இல் முற்றாகக் கைவிடப்படும்வரை, தமது ஐரோப்பிய வமிசத்தோடு ஐரோப்பியத் தோற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியவராயினர். மொடல்களுக்கு மட்டுமே உரியதென நாம் கருதும் முகத் தேர்வு, அன்று சாதாரணக் குடும்பங்களின் தந்தையரும் தாயரும் எதிர்கொண்ட சோதனையாயிற்று.

எம்மவரிடையே வழங்கும் வேறொரு வினாவையும் இங்கு குறிப்பிடாது விடுதல் நேர்மையாகாது. புதிதாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவனிடம் ‘எந்த ஊர்? ஊரிலே எந்தப் பக்கம்? ஆருடைய மகன்?’ என அன்பொழுகக் கேட்கின்றோம். மூன்றாம் வினாவுக்குள் எதை அறிய விரும்புகின்றோம் என்பது கேட்பவனுக்கும் தெரியும், விடையளிப்பவனுக்கும் தெரியும். அவன் ஊர்ப்பெயரை மாற்றிக் கூறினால், பிற்பாடு அதனை அறிந்து ‘மறைத்துவிட்டான்’ என நகைக்கின்றோம். லூனாவை நோக்கி விரல் நீட்டுமுன், அம்மாணவனை மறைக்கத் தூண்டிய வினா எவருடையது என எம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒருவரின் மரபு பற்றிய உண்மைகளை அவர் விரும்பியவாறு மாற்ற முடியாது. ஆயின் அவ்வுண்மைகளுக்கு எத்துணை நிறை உண்டு என்பதைத் தீர்மானிக்கும் முதலுரிமை அவருடையதே. அவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. தன் விடுதலைக்கு விலையாகப் பிறரின் இழிவை ஒப்புக்கொள்ளலாகாது என்பதே அவ்வெல்லை. சமூகத்தின் கடமை இதனிலும் பெரிது. விடையைச் சோதிக்குமுன் வினாவைச் சோதித்தல் அக்கடமையாகும்.

இம்முடிவின்படியும் லூனாவின் வாழ்வில் முற்றாகத் தீராத ஒரு பகுதி எஞ்சவே செய்கின்றது. பாடசாலைச் சிறுமியாக இருந்தபோதே, எந்தச் சந்தையும் எந்தச் சஞ்சிகையும் கேளாதிருக்க, அவர் தமக்கு வேறு பெயரிட்டுக்கொண்டார். அது வேலிக்கு அஞ்சிய செயலா, வேலியே இல்லாதிருந்தாலும் அவர் செய்திருக்கக்கூடிய செயலா என்பதை அவரன்றி வேறெவரும் கூறமுடியாது. வேலி அங்கே நின்றமையால் அவராலும் அதைத் தெளிவாக அறிந்திருக்க இயலாது போயிருக்கலாம். தன் தெரிவு எது, தன்மீது திணிக்கப்பட்டது எது எனப் பிரித்தறியும் வாய்ப்பையே ஒருவரிடமிருந்து பறித்துவிடுவது இனப்பாகுபாடு இழைக்கும் தீங்குகளுள் மிகக் கொடியது எனக் கருதுகின்றேன்.